பங்கர் வெட்டினோம், மனதை யாரும் கேட்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையில் போர்ச் செய்தி இல்லாத நாளே இல்லை. உக்ரைன், காசா, சூடான், ஈரான் என்று ஒவ்வொரு நாளும் ஏதோ ஓர் ஊர் எரிகிறது. அந்தச் செய்திகளைப் போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றோடு சேர்ந்து வரவேண்டிய ஒன்று உங்கள் பக்கங்களில் வருவதில்லை. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் வரும். சொல்ல வேண்டியதை முப்பது வருடமாக மனதுக்குள்ளேயே வைத்திருந்துவிட்டேன்.

நான் யாழ்ப்பாணம் உரும்பிராயில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆரம்ப வகுப்பு ஆசிரியை. வயது 68. என் தங்கச்சியின் இளைய மகன் இஸ்ரேலில், டெல் அவிவுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், முதியவர் ஒருவரைப் பராமரிக்கும் வேலை செய்கிறான். இந்த வேலைக்கு இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அங்கே போயிருக்கிறார்கள். 2025 ஜூன் 13ஆம் திகதி ஈரானுடன் போர் தொடங்கி 24ஆம் திகதி ஓயும்வரை எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு நாள் விடிய ஐந்தரைக்கு வட்ஸ்அப்பில் எடுத்தான். அங்கே அப்போது சாமம் மூன்று மணி. பின்னால் சைரன் கேட்டது. அவன் பார்க்கும் ஐயாவுக்கு 88 வயது, சக்கர நாற்காலியில் இருப்பவர். கட்டிடம் பழையது. புதிய வீடுகளில் கட்டாயம் இருக்க வேண்டிய கொங்கிறீற் பாதுகாப்பு அறை அதில் இல்லை. பொதுப் பதுங்கிடத்துக்கு அவரைத் தள்ளிக்கொண்டு ஓட நேரம் போதாது. மாடிப்படிப் பக்கம், யன்னல் இல்லாத சுவரோடு அவரை நிறுத்திவிட்டுக் கூடவே நிற்பதுதான் வழி. அன்றைக்கும் அவன் அதைச் சரியாகவே செய்திருக்கிறான். செய்து முடித்த பிறகுதான் கைகால் விட்டுப்போயிருக்கிறது.

“பெரியம்மா, நான் எங்க நிக்கிறன் எண்டு தெரியேல்லை. ஈர மண் மணக்குது” என்றான்.

எனக்கு விளங்கிவிட்டது. 2009இல் அவனுக்கு 15 வயது. முள்ளிவாய்க்காலில் கடற்கரை மணலைத் தோண்டி, சேலைகளைக் கிழித்துத் தைத்த பைகளில் மண் நிரப்பிச் சுற்றிவர அடுக்கி, அந்தக் குழிகளுக்குள் சனம் கிடந்த நாட்கள் அவை. பதினாறு வருடம் கழித்து, டெல் அவிவில் ஒரு கொங்கிறீற் படியில் நின்றவனுக்கு அந்த மண் மணந்தது.

“சுவர் என்ன நிறம், ராசா?” என்று கேட்டேன். வெள்ளை என்றான். “காலில என்ன போட்டிருக்கிறாய்?” சிலிப்பர் என்றான். “ஐயாவின்ர கையைப் பிடி. சூடோ, குளிரோ?” கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “குளிர்” என்றான். “அப்ப உன்ர சேட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்து. போர்த்திப்போட்டு என்னோட ஏழாம் வாய்ப்பாடு சொல்லு.” ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினாலு என்று இரண்டு பேரும் சொன்னோம். எழுபது வருவதற்குள் அவனுடைய குரல் அவனுடைய குரலாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் எனக்குக் கை நடுங்கத் தொடங்கியது.

நான் அவனுக்குச் செய்ததில் பாதி, பின்னாளில் ஒரு பயிற்சியில் படித்தது. மற்றப் பாதி 1990இல் பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் பழகியது.

அந்த வருடம் ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதும் எங்கள் வளவில் பங்கர் வெட்டினோம். ‘ட’ வடிவில் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, அதற்கு மேல் உரப்பையில் மண் நிரப்பிப் போட்டோம். எவ்வளவு ஆழம், வாசல் எந்தப் பக்கம், மாரி மழைக்கு வெள்ளம் நின்றால் எப்படி இறைப்பது என்பதெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். குண்டு போடும் பொம்பர் விமானம் வரும் சத்தத்தை வைத்தே எத்தனை நிமிடம் இருக்கிறது என்று ஏழு வயதுப் பிள்ளை சொல்லும். உடம்பைக் காப்பாற்ற நாங்கள் அவ்வளவு கற்றுக்கொண்டோம். அந்தக் குழிக்குள் இருக்கும்போது நெஞ்சு என்ன செய்கிறது, அதை எப்படி ஆற்றுவது என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. கேட்டால் அது பயந்தாங்கொள்ளித்தனம்.

ஆனாலும் கை தன்பாட்டில் சிலவற்றைச் செய்தது. என் அம்மா தேவாரம் பாடுவார். சத்தமாக இல்லை, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும் அளவுக்கு. எனக்குப் பாட்டு வராது. நான் பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்ல வைப்பேன். ஒருமித்து, இழுத்து, ஒரு மூச்சில் ஒரு வரி. ஏன் அது பிள்ளைகளை அடக்குகிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் நெஞ்சுத் துடிப்பு தணியும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். பாட்டும் செபமும் வாய்ப்பாடும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. ஆளுக்கு ஒரு பொறுப்பும் இருக்கும். மகளுக்குத் தண்ணீர்ப் போத்தல், மகனுக்கு ஜாம் போத்தல் விளக்கு, அவர்களுடைய அப்பாவுக்குக் காணி உறுதியும் அடையாள அட்டையும் வைத்த பை. கையில் ஒரு வேலை இருக்கும் பிள்ளை, இல்லாத பிள்ளையைவிடக் குறைவாக நடுங்கியதை நான் கண்ணால் கண்டேன்.

செய்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990இலிருந்து எங்களுக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பற்றரியும் வராது. றேடியோ கேட்க வேண்டுமென்றால் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும். எங்கள் ஒழுங்கையில் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் அப்படிக் கூடுவோம். பெடியள் மாறி மாறிச் சுற்றுவார்கள். பிபிசி தமிழோசை முடிந்ததும் கையும் ஓய்ந்துவிடும், செய்தியும் ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகு முற்றத்தில் இருந்து கேட்டதைப் பற்றிக் கதைப்போம். யாராவது அழுதால் பக்கத்தில் ஒருவர் இருப்பார். அப்புறம் வீட்டுக்குப் போய்ப் படுப்போம்.

இன்று தங்கச்சியைப் பார்க்கிறேன். மகன் அங்கே அகப்பட்டிருந்த அந்த நாட்களில் போனைக் கையை விட்டு இறக்கவே இல்லை. ஒரே ஏவுகணை, ஒரே இடிந்த கட்டிடம், நாற்பது தரம், ஐம்பது தரம். அவள் தனியாக, கட்டிலில், இருட்டில் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் போனை நான் வாங்கி வைத்தேன். காலை ஏழு மணிக்கு ஒரு முறை, மாலை ஆறு மணிக்கு ஒரு முறை, இரண்டு பேரும் சேர்ந்திருந்து பார்ப்போம், நடுவில் அவனுடைய கோல் வந்தால் மட்டும் எடுப்போம் என்று சொன்னேன். கோபித்தாள். ஒரு பகல் முழுக்க என்னோடு கதைக்கவில்லை. அடுத்த நாள் ஐந்து மணி நேரம் தூங்கினாள். போர் பார்க்கும் எல்லோருக்கும் இதைத்தான் சொல்வேன். நேரம் வைத்துப் பாருங்கள், தனியாகப் பார்க்காதீர்கள், படுக்கையில் பார்க்கவே பார்க்காதீர்கள்.

என் பிழை ஒன்றையும் எழுத வேண்டும்.

1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, எங்கள் வலிகாமப் பகுதி முழுவதும் எழுந்து நடந்தது. மழை. சாதாரண நாளில் சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்குள் போகும் தூரம், நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட எங்களுக்கு விடிந்துவிட்டது. லட்சக்கணக்கான சனம், ஒரே பாதை. மகளுக்கு அப்போது பத்து வயது. பாலத்துக்குக் கிட்ட, ஒரு கிழவர் தெருவோரம் குந்தியிருந்து எழும்ப முடியாமல் போவோர் வருவோரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மகள் என் கையை இழுத்து, அவரைத் தூக்குவோம் அம்மா என்று அழுதாள். நான், “அழாதை, திரும்பிப் பாராதை, நட” என்று அதட்டினேன். அந்த நேரத்தில் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் மட்டுவிலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகாவது, ஒரு மாதம் கழித்தாவது, அந்தக் கிழவரைப் பற்றி அவளோடு நான் கதைத்திருக்கலாம். கதைக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. இருபது வருடத்துக்குப் பிறகு கனடாவிலிருந்து ஒரு நாள் போனில், “அம்மா, அந்தத் தாத்தா என்ன ஆனார்?” என்று கேட்டாள். ஜூலை முதலாம் திகதி அங்கே வாணம் விட்டிருக்கிறார்கள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எனக்கு எடுத்திருக்கிறாள்.

மட்டுவிலில் பள்ளிக்கூடங்கள் எல்லாம் இடம்பெயர்ந்த சனத்தால் நிறைந்திருந்தன. மூன்றாம் கிழமை ஒரு மாமரத்துக்குக் கீழே பதினெட்டுப் பிள்ளைகளை இருத்திப் படிப்பிக்கத் தொடங்கினேன். கரும்பலகை இல்லை. அதில் ஒரு பெடியன், எட்டு வயதிருக்கும், சட்டி விழுந்த சத்தத்துக்கும் முகங்குப்புற விழுவான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அவனிடம், “ஆம்பிளைப் பிள்ளை பயப்பிடக் கூடாது” என்றேன். அன்றிலிருந்து அவன் விழவில்லை. பேசவும் இல்லை. நான் அதைத் தைரியம் என்று நினைத்தேன். இன்று அந்த மாமரத்தடிக்குத் திரும்பப் போக முடிந்தால், எனக்கும்தான் பயம் என்று அவனுக்குச் சொல்வேன். பிள்ளைக்குப் பொய் சொல்லிப் பயத்தை ஆற்ற முடியாது. ஒன்றும் நடக்காது என்று சொன்ன வாய் மூடுமுன்னம் செல் குண்டு விழும். பிறகு பிள்ளை எங்கள் ஒரு சொல்லையும் நம்பாது. பயமாகத்தான் இருக்கிறது, நான் உன்னோடு இருக்கிறேன், சத்தம் வந்தால் இன்னது செய்வோம் என்று சொன்னால் அது நம்பும்.

1996 சித்திரையில் ஊருக்குத் திரும்பினோம். வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு நிலை இல்லை, கிணற்றுக்குள் குப்பை. எல்லோரும் துப்புரவாக்கத் தொடங்கினார்கள். நானும் தொடங்கினேன். ஆவணி மாதம், ஓரளவு வீடு சரியான பிறகு, ஒரு காலை என்னால் எழும்ப முடியவில்லை. காய்ச்சல் இல்லை. பாய் என்னை விடவில்லை. நெஞ்சுக்குள் ஒரு பாரம், தலையிடி, உடம்பு முழுக்க எரிவு. பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. சோறு கரைத்துத் தந்தால் குடிப்பேன். பிள்ளைகளின் சத்தம் கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவேன். ஓடி ஒளிந்த காலத்தில் திடமாக நின்றவள், சத்தம் அடங்கிய பிறகு விழுந்தேன். பலருக்கு அப்படித்தான் நடக்கிறது என்று பின்னாளில் அறிந்தேன். ஆபத்து இருக்கும்வரை உடம்பு பிடித்து வைத்திருக்கும். விடும்போது மொத்தமாக விடும்.

சிலர் செய்வினை என்றார்கள். ஒரு மருந்தகத்தில் மூன்று முறை பனடோல் தந்தார்கள். பக்கத்து வீட்டு அக்காதான் என் கணவரிடம், “இது மனசின்ர வருத்தம், மனநல டொக்டரிட்ட காட்டுங்கோ” என்று சொன்னார். அவருக்கு அந்தச் சொல்லே அதிர்ச்சி. எங்கள் ஊரில் அதற்கு ‘விசர்’ என்ற ஒரு சொல்தானே இருக்கிறது. இரண்டு கிழமை கழித்துத்தான் கூட்டிக்கொண்டு போனார். டொக்டர் என்னை நாற்பது நிமிடம் கதைக்க விட்டார். மாத்திரை தந்தார். தொடங்கிப் பல நாள் ஒரு மாற்றமும் தெரியவில்லை. நாலாம் கிழமை, குசினியில் தேங்காய் துருவும் சத்தம் கேட்டு எனக்குப் பசித்தது. எட்டு மாதம் மாத்திரை எடுத்தேன். பிறகு டொக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினேன். அதற்குப் பிறகு இருபது வருடம் படிப்பித்தேன். இதை இன்றுவரை தங்கச்சிக்கும் கணவருக்கும் அந்த அக்காவுக்கும் தவிர ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. இன்று பத்திரிகையில் எழுதுகிறேன். வாசிப்பவர்களில் ஒருவராவது தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவார் என்றால் எனக்கு அது போதும்.

போர்நிறுத்தம் வந்த 2002க்குப் பிறகு ஆசிரியர்களுக்கு உளவளத்துணைப் பயிற்சிகள் நடந்தன. நானும் போனேன். யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மனநல வைத்தியராகவும் பல்கலைக்கழக ஆசிரியராகவும் இருந்த பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்களின் அனுபவம் அந்தப் பயிற்சிகளுக்குப் பின்னால் இருந்தது. போர் தனி ஆளை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துக் குலைக்கிறது என்று அவர் எழுதியிருக்கிறார். ஆகவே ஆற்றுவதையும் குடும்பத்திலும் ஊரிலும் செய்ய வேண்டும். சைவப் பிள்ளைக்கு ஓம் என்று இழுத்துச் சொல்வது, கத்தோலிக்கப் பிள்ளைக்குச் செபமாலை, முஸ்லிம் பிள்ளைக்கு இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் திக்ர், பௌத்தருக்கு மூச்சைக் கவனிக்கும் ஆனாபானசதி என்று, அவரவர் வீட்டில் இருப்பதையே எடுத்து மனதை இளக்கப் பழக்கினார்கள். அம்மாவின் தேவாரத்தை அன்றுதான் நான் வேறு கண்ணால் பார்த்தேன்.

தங்கச்சியின் கதை வேறு. அவள் 1996இல் ஊருக்குத் திரும்பாமல் கிளிநொச்சிக்குப் போனவள். 2009இல் மூத்த மகன் இல்லாமல் போனான். செத்தான் என்று சொல்ல யாரும் இல்லை, இருக்கிறான் என்று சொல்லவும் யாரும் இல்லை. அந்தியேட்டிச் சடங்கு செய்யச் சொல்லி உறவுக்காரர் கேட்டபோது, “அப்ப நான்தான் அவனைச் சாகக் கொடுத்தவள் ஆவேன்” என்று மறுத்தாள். செத்த வீட்டுக்கு எங்களிடம் எட்டு உண்டு, முப்பத்தொன்று உண்டு, ஒப்பாரி உண்டு, ஊர் கூடிச் சோறு தரும். இந்தத் துக்கத்துக்கு ஒரு நாளும் குறிக்கப்படவில்லை. எட்டு வருடம் அவள் வீட்டுக்குள் ஊமையாக இருந்தாள். 2017 மாசியில் கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமார் பந்தல் போட்டு இருக்கத் தொடங்கினார்கள். இவளும் மகனின் படத்தோடு போய் இருந்தாள். நீதி அவளுக்கு இன்னும் கிடைக்கவில்லை, அதை எந்த மருந்தாலும் ஈடுசெய்ய முடியாது. ஆனால் தன்னைப் போன்ற அம்மாமாரோடு இருந்துதான் அவள் வாய் திறந்தாள். மகனுக்கு மீன் பொரியல் பிடிக்கும் என்று முதன்முதல் அங்கேதான் சொன்னாளாம். எங்களுக்கு அதைக்கூட அவள் சொல்லியிருக்கவில்லை.

இளையவன் மெனிக் பாம் முகாமிலிருந்து வந்து 2010இல் என்னோடு தங்கிப் படித்தான். படுக்கப் போகுமுன் செருப்பை வாசல் பக்கம் பார்த்து வைப்பான், பக்கத்தில் ஒரு சின்னப் பை. நான் காலையில் செருப்பை எடுத்து மூலையில் வைப்பேன், அவன் இரவில் திரும்ப வைப்பான். ஒரு மாதத்துக்குப் பிறகு எடுத்து வைப்பதை விட்டுவிட்டேன். இரண்டாம் வருடம் ஒரு நாள் பார்த்தேன், செருப்பு கண்ட கண்டபடி கிடந்தது. அன்று எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று சொல்லத் தெரியவில்லை.

அந்த நாட்களில் ஒரு நிறுவனத்திலிருந்து வந்தவர்கள் அவனை இருத்தி, நீ என்ன பார்த்தாய், யார் யார் செத்ததைப் பார்த்தாய், எப்படிச் செத்தார்கள் என்று ஒன்றரை மணி நேரம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். நல்ல நோக்கத்தோடு வந்தவர்களாக இருக்கலாம். அவர்கள் போன பிறகு ஒரு கிழமை அவன் சாப்பிடவில்லை. திரும்பி வந்து எப்படி இருக்கிறாய் என்று கேட்க ஒருவரும் இல்லை. உளமுதலுதவி என்று உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டியே, கதைக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம் என்கிறது. என்ன தேவை என்று பாருங்கள், சொல்ல வந்தால் கேளுங்கள், உதவி கிடைக்கும் இடத்தோடு சேர்த்துவிடுங்கள், அவ்வளவுதான் என்கிறது. உங்கள் செய்தியாளர்களும் இதை வாசிக்க வேண்டும் என்று கேட்கிறேன். ஒரு பிள்ளையிடம் கதை வாங்கினால், அடுத்த நாள் அந்தப் பிள்ளையைப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

போர் நடந்த நாடுகளில் ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் கணித்துச் சொன்னது. ஐந்தில் ஒருவர். என் மாமரத்தடி வகுப்பில் அது மூன்று, நான்கு பிள்ளைகள். ஐந்தில் மற்ற நால்வரும் பெரும்பாலும் தாங்களாகவே, வீட்டின் துணையோடு, ஆறிவிடுகிறார்கள். பயம், அழுகை, கனவு, தூக்கமின்மை எல்லாம் வந்தவுடன் நோய் என்று பதறவும் தேவையில்லை. ஒரு மாதம் தாண்டியும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்கு எழும்ப முடியவில்லை, மது இல்லாமல் இரவு கழியவில்லை என்றால் தாமதிக்கக் கூடாது. உயிரோடு இருந்து என்ன என்று ஒருவர் சொன்னால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது, அவரைத் தனியே விடவும் கூடாது.

காசாவில் பதுங்க ஓர் அறைகூட இல்லாத சனத்துக்கு இதையெல்லாம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களுக்கு முதலில் குண்டு நிற்க வேண்டும், சோறு வேண்டும், தண்ணீர் வேண்டும். எங்களுக்கும் அன்று அதுதான் முதலில் வேண்டியிருந்தது. ஆனாலும் அங்கேயும் ஓர் அம்மா இந்த நிமிடம் ஒரு பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எதையோ ஓதிக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

சரி, என் வேண்டுகோளுக்கு வருகிறேன். முதலாவது, சிதைந்த உடல்களின் படத்தை முதல் பக்கத்தில் போடாதீர்கள். போரின் கொடுமை உலகத்துக்குத் தெரிய வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். இந்த ஊரில் அது தெரியாதவர் யார்? ஜூன் மாதம் ஒரு நாள் கடையில் தொங்கிய பத்திரிகையைப் பார்த்துவிட்டு தங்கச்சி சைக்கிளை வீதியிலேயே போட்டுவிட்டு நடந்து வந்தாள். உண்மையை எழுத்தில் எழுதுங்கள், நாங்கள் வாசிப்போம். இரண்டாவது, போர்ச் செய்தி போடும் நாட்களில் அதற்குக் கீழே நாலு விரல் இடம் மனதுக்கு ஒதுக்குங்கள். வெளிநாட்டில் பிள்ளை அகப்பட்டிருக்கும் அம்மா என்ன செய்யலாம், சத்தத்துக்குத் துள்ளும் அப்பாவிடம் எப்படிக் கதைக்கலாம், பிள்ளைக்கு என்ன சொல்லலாம் என்று யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் மட்டக்களப்பிலும் இருக்கும் மனநல வைத்தியர்களையும் உளவளத்துணையாளர்களையும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் தமிழில், ஆறு வரியில்.

மூன்றாவது, 1926. தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம். இருபத்துநாலு மணி நேரமும் எடுக்கலாம், காசு இல்லை, தமிழில் கதைக்கலாம். எங்கள் ஒழுங்கையில் இருபது வீட்டில் கேட்டுப் பார்த்தேன், ஒரு வீட்டுக்குத்தான் அது தெரிந்திருந்தது. அந்த நாலு எண்களை ஒவ்வொரு நாளும், ஒரே இடத்தில், பெரிய எழுத்தில் போடுங்கள். எந்த இடம் என்று கேட்டால், மரண அறிவித்தல் பக்கத்தின் மேலே. எங்கள் ஊரில் எல்லோரும் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
உரும்பிராய்.